மாரிக் கூதலுக்கு ஊர்க்கோழிச் சூப்: கோழி வாங்கிறதில இருந்து கோப்பையில ஊத்திறது வரைக்கும்

ஐப்பசியில மழை பிடிச்சுதெண்டா தைப்பொங்கல் மட்டும் யாழ்ப்பாணத்தில எல்லாம் ஒரே ஈரம்தான், உடுப்பு காயாது, விறகு காயாது, வீட்டில ஒராள் மாறி ஒராளுக்குத் தடிமன். மார்கழி விடியப்புறத்தில 22, 23 பாகைக்கு இறங்கும், கனடாவில இருக்கிற சொந்தங்களுக்குச் சொன்னா சிரிப்பினம், ஆனா வாடைக்காத்தும் நிலத்து ஈரமும் சேர்ந்து அடிக்கேக்க எங்களுக்கு அது காணும். இந்த நேரத்தில இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒண்டா இருந்து குடிக்கிற மாதிரி ஒரு பெரிய சட்டி கோழிச் சூப் வைக்கிறது எப்பிடி எண்டு ஆறுதலா எழுதிறன்.

முதல்லயே ஒண்டு சொல்லிப்போடுறன். கனபேர் வீட்டில வைக்கிற சூப் கோழிக்கறிக்குத் தண்ணி கூடிப்போன மாதிரித்தான் இருக்கு. ஏனெண்டா நாங்கள் சரக்கிலதான் ருசி கிடக்கு எண்டு நினைச்சு மிளகையும் உள்ளியையும் அள்ளிப் போடுறம், எலும்புக்குக் குடுக்க வேண்டிய நேரத்தைக் குடுக்கிறேல்ல. சூப்பில பாதி வேலை வெறும் எலும்பும் தண்ணியும் மெல்லிய நெருப்பும்தான், சரக்கு கடைசியா வாற ஆள். இதை மட்டும் பிடிச்சுக்கொண்டீங்களெண்டா மிச்சத்தை உங்கட வீட்டு வாய்க்கு ஏத்தமாதிரி மாத்தலாம்.

எப்ப வைக்கிறது

இது சின்ன விசயமில்ல. எங்கட மாரி முழுக்க விரதம்தானே, கேதார கௌரி 21 நாள், அது முடியக் கந்தசஷ்டி 6 நாள், பேந்து கார்த்திகையில பிள்ளையார் கதை 21 நாள், அங்கால திருவெம்பாவை 10 நாள், இதுக்குள்ள வெள்ளி செவ்வாய் வேற. விரதம் பிடிக்கிற வீடெண்டா கலண்டரைப் பாத்து இடையில வாற ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கோ. ஞாயிறு இன்னொரு வசதி, ஊர்க்கோழி அவிய நேரம் எடுக்கும், வேலைநாளில பின்னேரம் வந்து தொடங்கினா 10 மணிக்குத்தான் சாப்பிடுவீங்கள். பின்னேரம் 4 மணிக்கு அடுப்பில வைச்சா ஏழரைக்கு எல்லாம் முடிஞ்சிடும்.

எந்தக் கோழி

சூப்புக்குக் கிழட்டுக் கோழிதான் ராசா. புரொயிலர் கோழியை 5, 6 கிழமையில வெட்டிப்போடுவினம், இறைச்சி பஞ்சு, ஆனா எலும்பிலயும் சவ்விலயும் சாறு குறைவு. ஊர்க்கோழி மாதக்கணக்கா வளவெல்லாம் ஓடித் திரிஞ்சு கொத்தித் திண்ட உடம்பு, அதில மூட்டுச் சவ்வு, தோல், நரம்பெல்லாம் இறுகிக் கிடக்கும். அந்தச் சவ்வில இருக்கிற கொலாஜின் எண்ட புரதம்தான் மெதுவா அவியேக்க ஜெலட்டினா மாறித் தண்ணிக்குள்ள இறங்குது, சூப்பு நாக்கில கொஞ்சம் ஒட்டிற மாதிரித் தடிப்பா இருக்கிறது அதாலதான், கோன்ஃப்ளவர் போட்டுத் தடிப்பாக்கிறது வேற சங்கதி.

ஊர்க்கோழி விலை கூட எண்டா முட்டை இட்டு ஓய்ஞ்ச லேயர் கோழியைக் கேட்டுப் பாருங்கோ. கறிக்கு அது இறப்பர் எண்டு ஆக்கள் முகம் சுழிப்பினம், சூப்புக்கு ஆனா அருமையான சாமான். ஒண்டும் கிடைக்கேல்லையெண்டா புரொயிலர் பரவாயில்ல, கழுத்து, செட்டை, முதுகெலும்பு, பாதம் எல்லாம் கூடச் சேர்த்துத் தரச்சொல்லி வாங்குங்கோ. பாதத்தில தோலும் சவ்வும் எலும்பும்தானே, நாலு பாதம் போட்டாலே சூப்பு மாறிப்போகும், நகத்தை வெட்டி மேல்தோலைச் சுடுதண்ணியில உரிச்சுப்போட்டுப் போடுங்கோ. கடைக்காரரிட்டத் துண்டைப் பெரிசா வெட்டச் சொல்லுங்கோ, கறிக்கு வெட்டிற மாதிரிச் சின்னனாக் கொத்தினா எலும்புச் சிராய் சூப்புக்குள்ள வரும், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில அது கரைச்சல்.

6 பேருக்குத் தேவையான சாமான்

துப்பரவாக்கின கோழி 1 கிலோ, தண்ணி இரண்டரை லீற்றர், சின்ன வெங்காயம் ஒரு 15, உள்ளி 8 பல்லு, இஞ்சி 2 அங்குலத் துண்டு, கறிவேப்பிலை 2 நெட்டு, ரம்பை ஒரு சின்னத் துண்டு, மஞ்சள் அரைத் தேக்கரண்டி.

சரக்குக்கு மிளகு 2 தேக்கரண்டி, நற்சீரகம் ஒண்டரைத் தேக்கரண்டி, மல்லி 1 மேசைக்கரண்டி, வேர்க்கொம்பு (சுக்கு) இருந்தா ஒரு சின்னத் துண்டு.

மரக்கறியில கரட் 2, லீக்ஸ் 1, உருளைக்கிழங்கு 2, முருங்கையிலை ஒரு கைபிடி. உப்பு, தேசிக்காய் 1. இவ்வளவும் போதும். கறித்தூள் வேண்டாம், தூள் போட்டா அது குழம்பு, தேங்காய்ப்பால் விட்டா அது சொதி, இரண்டும் நல்ல சாப்பாடுதான், ஆனா இண்டைக்கு நாங்கள் வைக்கிறது சூப்.

கழுவிறது

எங்கட வீடுகளில கோழியை மஞ்சள் போட்டு நாலு தண்ணியில அலசாட்டி ஒருத்தருக்கும் மனம் வராது. ஆனா குழாயை உரத்துத் திறந்து அதுக்குக் கீழ பிடிச்சுக் கழுவிறது மட்டும் வேண்டாம், பச்சைக் கோழியில சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் மாதிரிக் கிருமியள் இருக்கலாம், தண்ணி தெறிக்கிற இடமெல்லாம் அதுவும் போகும், பக்கத்தில வெட்டி வைச்ச கரட்டிலயும் விழும். கழுவத்தான் வேணுமெண்டா ஒரு பேசினுக்குள்ள தண்ணி எடுத்து, கோழியை அமத்திப் பிடிச்சு மெதுவா அலசி, தண்ணியை ஆறுதலா ஊத்துங்கோ. பேந்து பேசின், கத்தி, பலகை, கை எல்லாத்துக்கும் சவுக்காரம். மரக்கறியை முதல் வெட்டி எடுத்து வைச்சிட்டுக் கோழியைக் கையில எடுத்தீங்களெண்டா பாதிப் பிரச்சினை தானா முடிஞ்சுது. கிருமியைக் கொல்லுறது மஞ்சளும் இல்ல தேசிக்காயும் இல்ல, நெருப்புத்தான், இறைச்சிக்கு உள்ளுக்க 74 பாகை வந்தாச் சரி, நாங்கள் வைக்கிற நேரத்துக்கு அது எப்பவோ தாண்டியிருக்கும்.

அடுப்பில ஏத்திறது

சட்டிக்குள்ள கோழியைப் போட்டு பச்சைத்தண்ணி விடுங்கோ, சுடுதண்ணி வேண்டாம். கொதிக்கிற தண்ணிக்குள்ள இறைச்சியைப் போட்டா வெளிப்பக்கம் சட்டெண்டு இறுகிப்போகும், பச்சைத்தண்ணியில வைச்சு மெல்ல மெல்லச் சூடாக்கேக்க ரத்தமும் கரையக்கூடிய புரதமும் வெளிய வந்து நுரையா மேல மிதக்கும், அகப்பையால வழிச்சு எறியச் சுகம். அந்த நுரை ஊத்தை எண்டு பயப்பிடாதேங்கோ, முட்டை வெள்ளை சூட்டில இறுகிறதும் இதுவும் ஒரே வேலைதான், ஆனா அதை விட்டா சூப்பு கலங்கி ஒரு கவிச்சி வாடை நிக்கும். முதல் 15 நிமிசம் அடுப்படியை விட்டு அங்கால போகாம நிண்டு நுரை எடுங்கோ, போன் வந்தாலும் பேந்து எடுப்பம் எண்டு விடுங்கோ.

சிலபேர் முதல் கொதியோட தண்ணியை முழுக்க ஊத்திப்போட்டுப் புதுத்தண்ணி விடுவினம். வாடை கூடின புரொயிலருக்கு அது சரி, ஊர்க்கோழிக்கு அப்பிடிச் செய்யிறது காசை வாய்க்காலில ஊத்திறது.

நுரை நிண்ட பிறகு, 6, 7 சின்ன வெங்காயத்தைத் தோல் உரிச்சு முழுசாவும், இஞ்சியைத் தட்டியும், உள்ளியில பாதியும், ரம்பையும், மஞ்சளும் போட்டு நெருப்பை நல்லாத் தணியுங்கோ. எவ்வளவு தணிக்கிறதெண்டா தண்ணி மேல அங்க ஒண்டு இஞ்ச ஒண்டு எண்டு குமிழி வரோணும், தளதளவெண்டு கொதிக்கக் கூடாது. இதிலதான் கனபேர் அவசரப்படுறது. உரத்துக் கொதிச்சா மேல மிதக்கிற கொழுப்பு அடிபட்டுத் துளித்துளியாத் தண்ணியோட கலந்துபோகும், பேந்து அதைப் பிரிக்கேலாது, சூப்பு பால் நிறத்தில எண்ணெய் வாயோட வரும். மெல்லிய சூட்டில கொழுப்பு தனியா மேல நிக்கும், கரண்டியால வழிச்சுச் சின்னக் கிண்ணத்தில எடுத்து வையுங்கோ, எறியாதேங்கோ, கடைசியில அதுக்கொரு வேலை கிடக்கு. மூடியைக் கொஞ்சம் விலத்தி வையுங்கோ, இறுக்கி மூடினா உள்ளுக்க சூடு ஏறித் திரும்பக் கொதிக்கத் தொடங்கிடும்.

நேரக்கணக்கு இப்பிடி: ஊர்க்கோழிக்கும் லேயருக்கும் ஒண்டரையில இருந்து 2 மணித்தியாலம், புரொயிலருக்கு 45 நிமிசத்தில இருந்து 1 மணித்தியாலம். புரொயிலரெண்டா நெஞ்சு இறைச்சியை 25 நிமிசத்தில ஒருக்கா வெளிய எடுத்து, எலும்பை மட்டும் திரும்பப் போட்டு அவிய விடுங்கோ, இல்லாட்டி அது தும்பாப் போயிடும். பிய்ச்சு வைச்சுக் கடைசியில சேர்க்கலாம்.

குக்கரில வைக்கலாமோ எண்டு கேப்பீங்கள். வைக்கலாம், மாரியில காஸ் மிச்சப்படுத்தவும் வேணும்தானே. நுரையெல்லாம் எடுத்த பிறகு மூடி, விசில் வந்ததும் நெருப்பைக் குறைச்சு ஊர்க்கோழிக்கு 30 நிமிசம், புரொயிலருக்கு 12 நிமிசம் காணும். ஆவி தானா அடங்கும் மட்டும் விடுங்கோ, கரண்டியால விசிலைத் தூக்கி ஆவியை விட்டா உள்ளுக்க ஒரேயடியாக் கொதிச்சுக் கலங்கிப்போகும். விறகடுப்பெண்டா முதல் கொதி வந்த பிறகு கொள்ளியை வெளிய இழுத்துப்போட்டு ஊமல் (காய்ஞ்ச பனங்கொட்டை) தணலில விட்டா அந்தச் சூடு அளவாத்தான் நிக்கும், காஸில கூட அவ்வளவு சரியா வைக்கேலாது. நனைஞ்ச விறகில மட்டும் தொடங்காதேங்கோ, புகை வாடை சூப்பில ஏறும்.

சரக்கு

எலும்பு அவியிற நேரத்தில சரக்கைப் பாப்பம். மல்லியை வெறுஞ்சட்டியில மெல்லிய சூட்டில வாசம் வரும் மட்டும் வறுத்து இறக்கி, அந்தச் சூட்டிலயே நற்சீரகத்தைப் பிரட்டுங்கோ. மிளகை வறுக்கத் தேவையில்ல. மூண்டையும் வேர்க்கொம்போட உரலில போட்டு ஒண்டிரண்டா இடியுங்கோ, மிச்ச உள்ளியையும் கடைசியில போட்டு ஒரு தட்டு. மிக்சியில மாவா அரைச்சா சூப்பு கறுத்துக் கசக்கும், அம்மி இருக்கிற வீடெண்டா ஒரு இழுவை இழுத்து எடுக்கலாம். பிள்ளைப்பெத்த வீட்டில வைக்கிற பத்தியச் சரக்கும் கிட்டத்தட்ட இந்தக் கூட்டுத்தான், அங்க அதை நல்லாப் பட்டுப்போல அரைச்சுக் குழம்பா வைப்பினம், இஞ்ச அளவு பாதி, அரைப்புக் கொரகொர.

இந்த இடிச்ச சரக்கை அடுப்பால இறக்கிறதுக்கு 15 நிமிசத்துக்கு முன்னாலதான் போடோணும். மிளகின்ர வாசம் ஆவியோட பறக்கிற சாமான், தொடக்கத்திலயே போட்டு 2 மணித்தியாலம் அவிச்சா வாசம் குசினியிலயும் உறைப்பு மட்டும் சட்டியிலயும் நிக்கும். மஞ்சளை முந்தியே போட்டதுக்குக் காரணம் அது பச்சை வாடை போக அவியோணும். மஞ்சளில இருக்கிற குர்க்குமின் உடம்பில சேர மிளகில இருக்கிற பைப்பரின் உதவும் எண்டு கண்டுபிடிச்சிருக்கினம், எங்கட ஆக்கள் இரண்டையும் கனகாலமா ஒண்டாத்தான் போட்டு வந்திருக்கினம்.

சின்னப் பிள்ளையள் இருந்தா சரக்குப் போட முந்தி இரண்டு கோப்பை அளவு சாறைத் தனியா எடுத்து வையுங்கோ. ஆறு மாதம் தாண்டின, ஒரு வயசுக்குக் குறைஞ்ச குழந்தைக்கு உப்பும் சேர்க்காம, வெறும் சாறையும் மசிச்ச கரட்டையும் குடுக்கலாம்.

மரக்கறி, உப்பு, புளிப்பு

எலும்பு அவிஞ்சு முடிய, கோழித்துண்டுகளை வெளிய எடுத்துச் சாறை ஒரு வடியில வடியுங்கோ. இப்ப இரண்டரை லீற்றர் தண்ணி 2 லீற்றருக்குக் கீழ வந்திருக்கும். அவிஞ்சு துவண்டுபோன வெங்காயம் இஞ்சியை எறியலாம், அதுகளின்ர சாரமெல்லாம் இறங்கிட்டுது. சாறைத் திரும்ப அடுப்பில வைச்சு உருளைக்கிழங்கும் கரட்டும் போட்டு 10 நிமிசம், பேந்து லீக்ஸும் இடிச்ச சரக்கும் போட்டு 15 நிமிசம். இந்த நேரத்தில எலும்பில இருந்து இறைச்சியைப் பிய்ச்சு எடுத்திடலாம். லீக்ஸை வெட்டின பிறகு கழுவுங்கோ, தட்டுக்குத் தட்டு மண் கிடக்கும். தடிப்பா வேணுமெண்டா அவிஞ்ச உருளைக்கிழங்கில இரண்டு துண்டைச் சட்டியோரம் அமத்தி மசிச்சுவிடுங்கோ, இல்லாட்டி மைசூர்ப் பருப்பு ஒரு பிடி உருளைக்கிழங்கோட சேர்த்துப் போடலாம்.

உப்பு கடைசியில. தண்ணி வத்திக்கொண்டு போறதால முதலே போட்டா முடிவில கைச்சுப்போகும். ஒரு தேக்கரண்டியோட தொடங்கி, குடிச்சுப் பாத்துக் கூட்டுங்கோ, ஒண்டரைக்கு மேல தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனம் ஒராளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவா உப்பு எண்டு சொல்லுது, அது ஒரு மட்டத் தேக்கரண்டிக்குள்ள, அதால பிறசர் இருக்கிற அம்மம்மா அப்பப்பா வீட்டில இருந்தா சூப் கட்டி போடுற யோசினையை விடுங்கோ, அந்தக் கட்டியில கூடுதலா இருக்கிறதே உப்புத்தான். 2 மணித்தியாலம் அவிச்ச எலும்புக்கு மேல அது தேவையும் இல்ல.

பிய்ச்ச இறைச்சியைப் போட்டு ஒரு கொதி, முருங்கையிலையைத் தூவி 2 நிமிசம், அடுப்பு நிப்பாட்டு. முருங்கையிலையைக் கனநேரம் விட்டா கசக்கும். இரவில கீரை சாப்பிடக்கூடாது எண்டு வீட்டில பெரியாக்கள் நிண்டுபிடிச்சா சண்டை பிடிக்காம இலையை விட்டிடுங்கோ, சூப்பு ஒண்டும் குறையாது.

இப்ப அந்த எடுத்து வைச்ச கொழுப்பு. ஒரு தேக்கரண்டி மட்டும் தாச்சியில விட்டு, மிச்சச் சின்ன வெங்காயத்தை வட்டமா அரிஞ்சு போட்டு, பொன்னிறமா வரேக்க கறிவேப்பிலையைப் போட்டு, சடசடக்க அப்பிடியே சட்டிக்குள்ள கொட்டுங்கோ. எண்ணெய் தனியாத் தேவையில்ல. தேசிக்காயைச் சட்டிக்குள்ள பிழிய வேண்டாம், கொதிச்சா விற்றமின் சியும் குறையும், சூடாக்கச் சூடாக்கக் கைப்பும் வரும், அவரவர் கோப்பையில நாலு துளி பிழிஞ்சாச் சரி.

சாப்பாடா எப்பிடி ஆக்கிறது

வெறும் சூப்பைக் குடிச்சிட்டுப் படுத்தா இராத்திரி ஒரு மணிக்குப் பசிக்கும். பின்னேரத்துப் பேக்கரிப் பாண் சூடா இருந்தா அதைவிடப் பொருத்தம் இல்ல, 6 பேருக்கு இரண்டு றாத்தல் காணும். பாண் வேண்டாமெண்டா குரக்கன் மா இடியப்பம், அதைக் கோப்பையில உதிர்த்துப்போட்டு மேல சூப்பை ஊத்தினா நூடில்ஸ் கேக்கிற பிள்ளையளும் பேசாமச் சாப்பிடுவினம். சலரோகம் உள்ளவைக்கு உருளைக்கிழங்கைக் குறைச்சுப் போஞ்சியும் கோவாவும் கூட்டலாம். யூரிக் அசிட் பிரச்சினையோ சிறுநீரகப் பிரச்சினையோ உள்ளவை இறைச்சிச் சாறை டொக்டரைக் கேட்டுட்டுக் குடிக்கிறது நல்லம்.

தடிமனுக்கு மருந்தோ

எங்கட ஊரில மட்டுமில்ல, யூத ஆக்களிட்டயும் இந்த நம்பிக்கை கிடக்கு, 12ம் நூற்றாண்டு வைத்தியர் மைமோனிடீஸே கோழிச்சாறைச் சொல்லி வைச்சிருக்கிறார். 2000ம் ஆண்டு அமெரிக்காவின்ர நெப்ராஸ்காவில ஸ்டீபன் றெனார்ட் எண்ட சுவாச வைத்தியர் தன்ர வீட்டுக் கோழிச் சூப்பை ஆய்வுகூடத்தில சோதிச்சு, அழற்சி வரேக்க ஓடித்திரியிற ஒருவகை வெள்ளை அணுக்களின்ர நடமாட்டத்தை அது குறைக்குது எண்டு எழுதினார். ஆனா அது கண்ணாடிக் குழாய்க்குள்ள பாத்தது, ஆக்களுக்குக் குடுத்துப் பாத்ததில்ல. அதால மருந்து எண்டு சொல்ல மாட்டன். சூடான ஆவி மூக்கடைப்பை இளக்கும், வாய்க்கு ஒண்டும் பிடிக்காத நேரத்தில தண்ணியும் உப்பும் புரதமும் லேசா உள்ள போகும், அது நிச்சயம். எலும்புச் சூப்பில கல்சியம் கொட்டிக்கிடக்கு எண்டு சொல்லுறதைப் பெரிசா நம்பாதேங்கோ, அவிச்சா எலும்பில இருந்து இறங்கிற கல்சியம் கொஞ்சம்தான், பாலிலயும் முள்ளோட திண்ணுற நெத்தலியிலயும் அதைவிடக் கனக்க இருக்கு. காய்ச்சல் 2 நாளுக்கு மேல நிண்டா, மாரியில டெங்கும் எலிக்காய்ச்சலும் திரியிற ஊர் இது, சூப்பை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

மிஞ்சினா

அடுப்பால இறக்கி 2 மணித்தியாலத்துக்குள்ள பிறிஜுக்குள்ள போகோணும். பெரிய சட்டியோட வைச்சா நடுவில சூடு கனநேரம் நிக்கும், அதால அகலமான இரண்டு மூண்டு பாத்திரத்தில பிரிச்சு, பேசினில பச்சைத்தண்ணி விட்டு அதுக்குள்ள வைச்சு ஆத்தி வையுங்கோ. 3 நாள் இருக்கும். மழையோட கரண்ட் போய் மணிக்கணக்கா வராத நாளெண்டா அந்த நம்பிக்கை வேண்டாம், அண்டைக்கே முடியுங்கோ.

அடுத்தநாள் காலமை பிறிஜைத் திறக்க அது ஜெலி மாதிரி உறைஞ்சிருந்தா பழுதாப்போச்செண்டு கொட்டிப்போடாதேங்கோ, அந்த ஜெலட்டின்தான் அது, நீங்கள் எலும்புக்குக் குடுத்த நேரம் வேலை செய்திருக்கு. மேல வெள்ளையாப் படிஞ்ச கொழுப்பை வழிச்சுப்போட்டு, தேவையான அளவை மட்டும் எடுத்து நல்லாக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கோ, திரும்பத் திரும்ப முழுச்சட்டியையும் சூடாக்கி ஆத்திறது கூடாது. மிச்சம் ரண்டு கோப்பைதான் கிடக்கு, ஆக்கள் நாலு பேர் எண்டா அரைச்சுண்டு குத்தரிசியைக் கழுவிப்போட்டு, இன்னும் ரண்டு மூண்டு கோப்பை தண்ணி விட்டு, அரிசி மலரும் மட்டும் அவிச்சு, ஒரு பச்சைமிளகாயைக் கீறிப்போட்டுக் கஞ்சியா இறக்குங்கோ.